கொச்சியில் அப்பா எழுதிய மூன்று வரிகள்

ராட்டர்டாமுக்கு வந்த முதல் வாரம், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு முன்னால் சாலை எழுந்து நின்றது. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்கோடு, நடைபாதை, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றோடும் சேர்ந்து தார்ச் சாலை நெட்டுக்குத்தலாக நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் நான் கற்றிருந்த அரைகுறை டச்சில் "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று பதறினேன். எனக்கு ஏதோ அவசரம் என்று அவர் புரிந்துகொண்டார். அடுத்த பாலத்தைச் சுற்றிப் போகலாம், பத்து நிமிடம் ஆகும் என்று பொறுமையாக வழி சொன்னார். அதற்குள், சாலை என்று நான் நினைத்த அந்தத் தூக்குப் பாலத்தின் இடைவெளியில் ஒரு சரக்குப் படகு சாவகாசமாகப் போனது. நூறு பேராவது சைக்கிளில் காத்து நின்றார்கள். ஒரு மணிச் சத்தம் இல்லை, ஒரு வசவு இல்லை. நம் ஊரில் ரயில்வே கேட் அடைத்தால் அதற்கடியில் குனிந்து போகாதவனை ஒரு மாதிரியாக அல்லவா பார்ப்போம்?

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். மதுரை அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் அவர். மகள் நலமா, சாப்பிட்டாளா என்றெல்லாம் அப்புறம்தான். "ரோட்டத் தூக்குறது மோட்டாரா பாப்பா, இல்ல மறுபக்கம் எதிர்ப் பாரம் கட்டியிருக்கானா?" என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த ஞாயிறு நான் அந்தப் பாலத்தடியில் போய்க் குனிந்து பார்த்து வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பா கப்பலைப் பார்த்ததில்லை. மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்தில் மூன்று முழுக்குப் போடும் இடம், அவ்வளவுதான். வைகையில் முழங்கால் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஜனங்கள் நாங்கள். எனக்கோ வேலையே கப்பலில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று திட்டம் போடும் அலுவலகத்தில். வந்து பாருங்கள் என்று ஆறு வருடம் கூப்பிட்டேன். பட்டறையை யார் பார்ப்பது என்று ஆறு வருடமும் அதே பதில். சரி, அப்பா கப்பலிடம் வராவிட்டால் அவரைக் கப்பலிடம் கூட்டிப்போவோம் என்று, அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த கையோடு கொச்சிக்கு வண்டி பிடித்தேன். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணம் முழுக்க என் கைப்பைக்குள் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் நானும் என் கணவரும் டச்சுக் குடியுரிமை வாங்கியிருந்தோம். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் விசாவோடு நின்றுதான் ஊருக்குள் வந்திருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. "அஞ்சு வருஷம்ப்பா, அப்புறம் வந்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனவள் நான். அதை நம்பி வில்லாபுரத்தில் எங்களுக்கென்று ஒரு மனையை வாங்கிப்போட்டு, கிணறு எங்கே, வாசல் எங்கே என்று சுண்ணாம்புக் கோடும் கிழித்து வைத்திருந்தார். எப்படியும் இந்தப் பயணத்தில் சொல்லிவிட வேண்டும் என்று தேனி தாண்டுவதற்குள் நாலு முறை வாயைத் திறந்தேன். நாலு முறையும் அம்மா புளிச்சோற்றை அந்த வாய்க்குள் திணித்துவிட்டாள்.

குமுளி ஏறி இறங்கி மத்தியானம் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தபோது சுடச்சுடச் சிவப்பாகத் தண்ணீர் வைத்தார்கள். "ஏண்டி, தண்ணி செவந்து கெடக்கு? துருப்பிடிச்ச குழாயா?" என்று அம்மா டம்ளரைத் தள்ளிவிட்டாள். மரச் சீவல் போட்டுக் காய்ச்சிய தண்ணீர், உடம்புக்கு நல்லது என்று கடைக்காரர் மலையாளத்தில் விளக்கினார். ஏதோ மருந்து என்று மட்டும் விளங்கிய அம்மா, "எனக்கு ஒண்ணுமில்லய்யா, நல்லாத்தான் இருக்கேன்" என்று கும்பிட்டாள். ஊரிலிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீரைத்தான் கடைசிவரை குடித்தாள்.

கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் இறங்கியதுதான் தாமதம், அப்பாவை எங்களால் பிடிக்க முடியவில்லை. அறுபத்திரண்டு வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்! கரையோரம் வரிசையாகச் சீன வலைகள். மரக் கழிகளில் கட்டிய பெரிய வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, ஐந்தாறு பேர் கயிற்றை இழுத்து மேலே தூக்குகிறார்கள். பின்பக்கம் கயிறுகளில் பாறாங்கற்கள் தொங்குகின்றன. "பாப்பா! எதிர்ப் பாரம்! கல்லுலயே கட்டியிருக்கான் பாரு! எம்புட்டு அழகா நிறுத்திருக்கான்!" என்று கத்தினார். "அண்ணே, நானும் ஒரு கை புடிக்கட்டா?" என்று கேட்டு, பதில் வருமுன்பே கயிற்றைப் பிடித்துவிட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே இடம் விட்டார்கள். வலையில் வந்தது நாலு பொடி மீனும் ஒரு செருப்பும். அப்பாவோ திமிங்கலமே பிடித்தவர் மாதிரி நின்றார்.

அப்போதுதான் கப்பல் வந்தது. கரைக்கு அம்புட்டுப் பக்கத்தில், வீதியில் தேர் வருவதுபோல, பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நிதானமாக முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. அம்மா தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இந்தப் பொட்டியெல்லாம் நீயா அடுக்குற?" என்று அப்பா கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். இந்தக் கப்பல் இல்லைப்பா, இது மாதிரி என்றேன். எனக்குச் சம்பளம் உயர்ந்த நாளில்கூட அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

அங்கிருந்து பக்கத்திலிருந்த பழைய தேவாலயத்துக்குப் போனோம். சுவரில் வரிசையாக டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள். ஒன்றில் பெயர் மட்டும் தேய்ந்துபோய் ஊர் தெளிவாகத் தெரிந்தது. ஸ்கீடம். ராட்டர்டாமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊர்! "இங்கே துயில்கிறார், ஸ்கீடத்தில் பிறந்தவர்" என்று நான் டச்சில் வாசித்துத் தமிழில் சொன்னேன். அப்பா தேவாலயமே திரும்பிப் பார்க்கும்படி, "எம் மக வாசிக்குதுங்க! இவுக பாசை அதுக்குத் தண்ணி பட்ட பாடு!" என்றார். பிறகு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம், ஊரு போய்ச் சேராமப் போயிட்டானே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இப்போது சொல், இப்போது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. எங்கே வாய் வந்தது?

சாயங்காலம் தங்கும் விடுதிக்கு வந்தோம். பழைய வீடு ஒன்றைத் தங்குமிடமாக்கி ஒரு மலையாள அம்மா நடத்திவந்தார். அவர் பதிவேட்டை நீட்டியதும் அப்பா வாங்கிக்கொண்டார். எழுதுகிற வேலை என்றால் எங்கள் வீட்டில் அவருடையது. பட்டறை பில்லில் எழுதுவதுபோலவே கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார், அவனியாபுரத்து முகவரியை எழுதினார், நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்று எழுதினார். அடுத்த வரியில் அம்மா பெயர். முகவரிக்கும் நாட்டுக்கும் இரண்டு சின்னக் கோடு, மேற்படி. மூன்றாவது வரியில் என் பெயர். மேற்படி, மேற்படி.

"மோளுக்கு எவிடெயா ஜோலி?" என்று அந்த அம்மா சும்மா விசாரித்தார்.

"ஹாலந்துல! கப்பல் ஆபீசுல!" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"அப்போ பாஸ்போர்ட்? ஃபாரினர் ஆணெங்கில் வேறெ ஃபாரம் உண்டு. போலீஸுக்குக் கொடுக்கணம்." வெளிநாட்டவர் என்றால் தனிப் படிவம் நிரப்பிப் போலீஸுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

"சேச்சே, இந்தியப் பாஸ்போர்ட்டுதாம்மா. நம்ம புள்ளதான" என்றார் அப்பா.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாவுக்கு நாளைக்கு ஏதாவது தொல்லை வரலாம். அதைவிட, அப்பா எனக்காக ஒரு பொய்யைப் பொய் என்று தெரியாமலே சொல்லிவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. பையைத் திறந்து பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தேன்.

அப்பா அதை எடுத்து அட்டையைப் பார்த்தார். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "இவுகளுக்கும் சிங்கந்தானா? நின்னுக்கிட்டுல்ல இருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"எப்பருந்து?" என்று அப்பா கேட்டார்.

"எட்டு மாசமாப்பா."

"சொல்லிருக்கலாம்ல."

"வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"இப்ப மட்டும் என்ன, சக்கரையா இனிக்குது?"

ஒவ்வொரு வருடமும் தங்கும் அனுமதிக்கு வரிசையில் நிற்பது, எங்கே போனாலும் விசா என்று அலைவது, எல்லாக் காரணங்களையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நகராட்சி அலுவலகத்தில் ஓர் அதிகாரி என் கையைக் குலுக்கி "ஹெஃபெலிசிடேர்ட்" என்று வாழ்த்தியபோது எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே வந்து கேக் வாங்கிச் சாப்பிட்டோம். அதை எந்த மகள் அப்பனிடம் சொல்வாள்?

அந்த அம்மாவுக்குத் தமிழ் ஓரளவு புரிந்திருக்க வேண்டும். தலை குனிந்தபடி, என் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தனிப் படிவத்தை நிரப்பினார். முடித்ததும் பதிவேட்டில் என் வரியைக் காட்டி, "நாடு மாத்தி எழுதணம், சேட்டா" என்று அப்பாவிடம் பேனாவை நீட்டினார். அப்பா அதை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"நீயே அடிச்சுக்க பாப்பா. என் கையால அடிக்க மாட்டேன்."

நான் அடித்தேன். இரண்டே இரண்டு சின்னக் கோடுகள்தான், அவை மறைய மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நெதர்லாந்து என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் எங்கள் மூன்று வரியும் அப்பாவின் கையெழுத்து, அந்த ஒரு சொல் மட்டும் என்னுடையது. அந்த அம்மாவின் விரல் அதே வரியில் முகவரிக் கட்டத்துக்கு நகர்ந்தது. "அட்ரஸும் மாத்தணோ?" என்று கேட்டார்.

அப்பா உள்ளங்கையை விரித்து அந்த மேற்படியின்மேல் வைத்து மூடினார். நகத்தில் பட்டறைக் கருப்பு இன்னும் இருந்தது.

"அது கெடக்கட்டும்மா" என்றார். "வீடு அங்கனதான்."