கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்

அக்காவுக்கு அந்த போனைப் பாசத்தில் கொடுத்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அவள் என்னைத் துணைக்குக் கூப்பிடாமல் இருக்க வேண்டும், அதுக்குத்தான் கொடுத்தேன்.

சர்க்கரை வந்து அக்காவின் இரண்டு கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் மட்டும் லேசாகத் தெரியும். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் இருபது வருஷம் செக்கிங்கில் நின்றவள். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். கண் போனதும் என் ஃப்ளாட்டுக்கே கூட்டிவந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் தம்பின்னா இவன்தான் தம்பி என்றார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போனின் பின்னால், காமிராவை ஒட்டி ஒரு கருப்புப் புள்ளி இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி போய், எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்பும். எத்தனை அடி தூரம் என்று போன் வாய்விட்டுச் சொல்லும். ஆள் நின்றால் 'பர்சன்' என்று சேர்த்துச் சொல்லும். அக்கா முதல் நாளே நடந்து பார்த்துச் சரிபார்த்தாள்.

"சோபாவுக்கு நாலு அடிங்குது. ரெண்டு எட்டு வெச்சேன், கரெக்டா முட்டிச்சு! அரை இஞ்ச் தப்புனாலும் பீஸைத் தூக்கிப் போடுறவ நான். என்கிட்டயே பாஸாயிடுச்சு பாரு."

அந்த ஒளி கண்ணாடியில் நிற்காது, ஊடுருவிப் போய்விடும்; நடுவில் கண்ணாடி இருப்பதே போனுக்குத் தெரியாது. எனக்கு இது தெரியும். சொல்லணும் சொல்லணும் என்று இருந்தேன். சொல்லவில்லை.

சாயங்காலமானால் கேட்பாள்: "டேய், கீழ ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமாடா?"

"அஞ்சு நிமிஷம்க்கா, மீட்டிங்."

பாதி நாள் மீட்டிங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அன்று சனிக்கிழமை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் சோபாவில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. ஐயோ, கிளம்பிட்டாளே! பூனை மாதிரி எழுந்து பால்கனிக்குப் போய், ஸ்லைடிங் கதவை மெல்ல இழுத்தேன். முழுக் கண்ணாடிக் கதவு. ஒரு விரல் இடைவெளிதான் பாக்கி இருந்தது.

அக்கா ஹாலுக்கு வந்து போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். என் பக்கம் திரும்பியதும் அது சொன்னது: "பர்சன், டென் ஃபீட்."

அவள் முகம் மலர்ந்துபோனது. "இங்கதான் இருக்கியா! பேசாம நிக்கறான் பாரு, திருட்டுப் பய."

சிரித்துக்கொண்டே வந்தாள். எய்ட் ஃபீட். அக்கா நில்லு என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தினால் ஒளிந்தது தெரிந்துவிடுமே என்று குத்துக்கல்லாட்டம் நின்றேன். த்தூ, நானெல்லாம் ஒரு தம்பி! ஃபைவ் ஃபீட் என்றது போன். இன்னும் இரண்டு எட்டு இருக்கிறது என்று நம்பி, வீசிக் காலை வைத்தாள்.

முகத்தோடு மோதினாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து தரையில் கிடந்தது.

மனைவி வந்து பதறிப்போய், "நீங்க எங்க இருந்தீங்க?" என்று என்னைப் பிடித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, மூக்கில் துணியை அழுத்திக்கொண்டே, "பாவம், அவன் பால்கனியில துணி காயப்போட்டுட்டு இருந்தாம்மா. நான்தான் அவசரப்பட்டேன்" என்றாள்.

கொடியில் ஒரு துணிகூட இல்லை.

இப்போது தினமும் நானே கூப்பிடுகிறேன். சாயங்காலம் ஹால் நடுவில் போய் நின்று, "வாக்கா, கீழ போலாம்" என்கிறேன். அவள் போனை என் பக்கம் நீட்டுகிறாள். "பர்சன், சிக்ஸ் ஃபீட்" என்கிறது அது. முன்பெல்லாம் அதைக் கேட்டதும் நடந்து வந்துவிடுவாள். இப்போது நின்று, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்கிறாள்.

"நடுவுல ஒண்ணும் இல்லையேடா?"