வண்டியைச் சூடாக்குகிறவள்

என் சின்னண்ணனைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு மூன்றாவதிலேயே மூச்சு வாங்கும். இது அவனைப் பற்றியது அல்ல, அண்ணியைப் பற்றியது. ஆனால் அண்ணியைப் பற்றி வாயெடுத்தாலே அவன் குறுக்கே வந்து நின்றுவிடுகிறான். வீட்டிலும் அப்படித்தான்.

அண்ணி என் பெரியண்ணனின் மனைவி. மர மில்லில் அறுக்க வந்த பெரிய மரத்தடி உருண்டு பெரியண்ணனுக்கு இடுப்பு ஒடிந்து, அவன் கட்டிலோடு கிடந்த நாளிலிருந்து அவனுடைய பழைய பிக்கப்பை அவள்தான் ஓட்டுகிறாள். அறுத்த பலகைகளை ஏற்றிக்கொண்டு, மேட்டுச் சாலை தாண்டி இருக்கிற தச்சுப் பட்டறைகளில் இறக்குவாள். முதல் மாதம் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மில் கேட்டை இடித்தாள். இப்போது அதே கேட்டுக்குள் கண்ணாடியை மட்டும் பார்த்து நுழைகிறாள். முன்பெல்லாம் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள், இன்று லோடுமேன்களை ஒரு அதட்டலில் அடக்குகிறாள். அந்த ஸ்டீயரிங் அவளை ஆளாக்கியது. இதை நான் நேரில் பார்த்தேன்.

வண்டி ரிப்பேர் மட்டும் சின்னண்ணன் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் ஒரு ஸ்பேனர் இடம் மாறினால் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

சில மாதங்களாக வண்டி சூடாக ஆரம்பித்தது. லோடோடு மேடு ஏறினால் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். அண்ணி ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிவைத்து, வெயிலில் நின்று ஆறவிட்டுக் கிளம்புவாள். ஆனால் சந்தைத் தெருவில் நத்தையாக ஊர்ந்தாலும் முள் நடுவிலேயே கிடக்கும். இன்ஜினை ஆற்றுகிற ஃபேன் சரியில்லை என்றால், எதிர்காற்று இல்லாமல் ஊரும்போதுதானே சூடாக வேண்டும்? இதைத்தான் அவள் அவனிடம் சொன்னாள்.

"மெதுவா போறப்ப ஒண்ணும் ஆகல தம்பி. மேட்டுல நல்லா மிதிச்சாதான் சூடாகுது."

"அப்ப மிதிக்கிறதுலதான் கோளாறு அண்ணி," என்றான். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து அடைப்பெடுத்தாள். மூடியை மாற்றினாள். ஒருமுறை ஆறுவதற்குள் அந்த மூடியைத் திறந்து மணிக்கட்டு வெந்துபோனது. தெர்மோஸ்டாட்தான் காரணம், சூடானதும் தண்ணீருக்கு வழிவிட வேண்டிய வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அடித்துச் சொன்னாள். அதையும் மாற்றினாள். மறுநாள் அதே மேட்டில் முள் அதே சிவப்பில் நின்றது. அன்று சாயங்காலம் சின்னண்ணன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் நடப்பது ஒன்றுதான். அவன் பானெட்டுக்குள் தலையை விடுவான். "ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணி, லேசா மிதிங்க, போதும் போதும்" என்பான். தூக்கிய பானெட் மறைக்க, உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கை துடைப்பான். வெறும் வண்டியை, ஆறிப்போன இன்ஜினை, லேசாக மிதித்தால் வேறு எப்படி இருக்கும்?

கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "திங்கக்கிழமையிலிருந்து டிரைவர் போடுறேன். நீங்க இன்ஜினையே தின்னுடுவீங்க போலிருக்கு." கட்டிலில் இருந்த பெரியண்ணன் விட்டத்தைப் பார்த்தான். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எனக்குத்தான் வந்தது, அதுவும் கோபத்தில்.

சனிக்கிழமை அந்த டிரைவர் வண்டியைப் பார்க்க வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணி லோடை இறக்கிவிட்டு, திரும்பும் மேட்டில் எங்கும் ஆறவிடாமல் மிதித்து ஷெட்டுக்குள் வந்தாள். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைக்காமலேயே இறங்கி, பானெட்டைத் தூக்கினாள்.

"தம்பி, ஏறி உக்காருங்க."

"நான் பாக்குறேன் அண்ணி. நீங்க மிதிங்க."

"இத்தனை நாள் நீங்கதான பாத்தீங்க. இன்னிக்கு நான் பாக்குறேன்."

"நான் மிதிக்கட்டுமா அண்ணி?" என்று நான் முன்னால் போனேன்.

"நீ வேணாம். அவரே மிதிக்கட்டும்."

டிரைவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு ஏறினான். "மிதிங்க. இன்னும். நல்லா மிதிங்க," என்றாள். இன்ஜின் அலறியது. ரேடியேட்டரின் அடியிலிருந்து தண்ணீர் பம்புக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய், காலி பால் பாக்கெட்டைப் போல அப்படியே சப்பிக்கொண்டது. காலை எடுத்ததும் ஒன்றும் அறியாததுபோல உப்பிக்கொண்டது. மறுபடி மிதிக்கச் சொன்னாள். மறுபடி சப்பியது.

டிரைவர் குனிந்து பார்த்தார். "பம்புக்குத் தண்ணியே போகலியேம்மா. உள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கணும், குழாய் அமுங்காம அதுதான் தாங்கும். யாரு எடுத்தது?"

பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "பழைய குழாய்ல இருந்த கம்பியா? சில மாசத்துக்கு முன்னாடி புதுசு மாத்தறப்ப பாத்தேன், துருப்பிடிச்சிருந்துச்சு. ரப்பர் குழாய்க்குள்ள கம்பி எதுக்குன்னு தூக்கிப் போட்டேன். ஏன், என்னாச்சு?"

அவனே இறங்கி வந்து, டிரைவரை மிதிக்கச் சொல்லிப் பார்த்தான். பின்கழுத்தைச் சொறிந்தான்.

"சரி, கண்டுபிடிச்சாச்சுல்ல. கம்பி வச்ச குழாயா வாங்கி மாட்டிடுறேன். திங்கக்கிழமை இவரு எடுத்துட்டுப் போகட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி சூடானது வெறும் சாக்கு. அவள் அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பதே அவனுக்குப் பொறுக்கவில்லை. நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி ஜன்னல் வழியாகக் கையை விட்டு இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டாள்.

"இந்த வண்டிக்கு ஆள் இருக்குண்ணே. உங்களுக்கு வீண் அலைச்சல், மன்னிச்சுக்குங்க," என்றாள் டிரைவரிடம். அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "குழாயை நானே வாங்கி மாட்டிக்கிறேன். இனிமே இந்த பானெட்டுல நீங்க கை வைக்கக் கூடாது தம்பி."

வீடே அதிர ஷெட் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

நாங்கள் உள்ளே போனோம். இத்தனை மாதமாக அவள் வெயிலில் நின்று வந்தபோதும் மணிக்கட்டு வெந்து வந்தபோதும் ஒன்றுமே கேட்காத பெரியண்ணன், கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டான். "என்ன சத்தம்? தம்பி கோவிச்சுக்கிட்டானா?"

"அவர் கோவம் கிடக்கட்டுங்க," என்றாள் அண்ணி. "எனக்குக் கோவம் வந்திருக்கு. ஏன்னு கேளுங்க."