நாற்பத்தேழாம் எண் அட்டை

அறுபதுகளின் தொடக்கத்தில், சாணார்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். ஒருநாள் சென்னையிலிருந்து காசநோய் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். எங்களிடம் மாத்திரை வாங்குகிற நோயாளிகளின் சளியைச் சிறு புட்டிகளில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிப்பதாகச் சொன்னார்கள். ஆளுக்கொரு எண் போட்ட அட்டை. அதில் விவரம் எழுதும் வேலை எனக்கு.

ஆண்களின் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. பெண்களிடம்தான் சிக்கல். புருஷன் பெயரைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். பூத்தோட்டத்தில் கூலிக்குப் போகிற ஒருத்தி, இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு, "அதை எப்படித் தாயி என் வாயால சொல்றது?" என்றாள். பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டோ பதிவேட்டைப் புரட்டியோ எழுத நேரம் ஆயிற்று. ஜீப் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். பெண்களின் அட்டைகளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். பெயரும் ஊரும் போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தேழாம் எண் நோயாளிக்கு இப்போது கொடுக்கும் மாத்திரை வேலை செய்யவில்லை, உடனே மருந்தை மாற்ற வேண்டும் என்று இருந்தது. அட்டைகளை அவர்களே எடுத்துப் போயிருந்தார்கள். எங்கள் பதிவேட்டில் அந்த எண்கள் கிடையாது.

டாக்டர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பரை வச்சுக்கிட்டு நான் யாருக்கும்மா மருந்து மாத்துறது?"

எல்லாருக்கும் மாற்றவும் வழியில்லை. மாற்றிப் போட வேண்டிய ஊசி திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும், அதுவும் அளந்துதான் கொடுப்பார்கள். நாற்பத்தேழாம் எண் யார் என்று கேட்டு அன்றே சென்னைக்குப் பதில் எழுதிப் போட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் மாத்திரைக்கு வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இளைத்துக்கொண்டே போன இருவரை டாக்டர் டவுனுக்கு அனுப்பினார். பூத்தோட்டத்துப் பெண் அதில் இல்லை. அந்த வாரங்களில் அவளுக்கு இருமல் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு அவள் வருவது நின்றது. அவளுக்குப் பதில் யாரோ உறவுக்காரர் வந்து பல வாரத்து மாத்திரையை மொத்தமாக வாங்கிப் போனார்.

இரண்டு மாதத்துக்குப் பின் பதில் வந்தது. ஒரு பெயர், ஓர் ஊர். பதிவேட்டைப் புரட்டினேன். அம்மன் பெயர், எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். அதே ஊரில், அதே பெயரில் இரண்டு பேர் எங்களிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் புருஷன் பெயர்கள் வேறுவேறாகத் தெளிவாக இருந்தன. அட்டையில் அது இல்லை. நான் எழுதவில்லை.

"ரெண்டு பேரையுமே டவுனுக்கு அனுப்பிருவோம்" என்றார் டாக்டர்.

மதிய பஸ்ஸில் போனேன். முதல் பெண் வீட்டில் இருந்தாள். மறுநாளே திண்டுக்கல்லுக்குப் போனாள். இரண்டாவது, பூத்தோட்டத்துப் பெண்ணின் வீடு. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"அவுக மலைக்குப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆகுதே. எஸ்டேட்டுல ரெண்டு பேருக்கும் வேலைன்னு போனாக."

"எந்த எஸ்டேட்டு?"

"அது எனக்கு எங்கிட்டுத் தெரியும் தாயி?"

மலைமேல் எத்தனை தோட்டங்கள் இருந்தன என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்த விலாசங்களுக்கெல்லாம் தபால் கார்டு போட்டேன். மாத்திரை வாங்கிப் போன உறவுக்காரரும் அதற்குப் பிறகு வரவில்லை.

மழைக்காலம் முடிந்தபின் ஒரு செவ்வாயன்று, ஓர் ஆள் வரிசையில் நிற்காமல் நேராக என் மேஜைக்கு வந்தார். பூத்தோட்டத்துப் பெண்ணின் புருஷன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவள் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மிச்ச மாத்திரைகள்.

"ஒருநாள்கூட விடல தாயி. முழுங்க முடியாதப்பக்கூடக் கரைச்சுத் தரச் சொல்லிக் குடிச்சா. இது அம்புட்டும் வீணாப் போகக் கூடாதுல்ல. வேற யாருக்காச்சும் குடுங்க."

டாக்டர் உள்ளே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அந்த மாத்திரை அவளுக்கு வேலை செய்யவே இல்லை என்று அந்த மனிதரிடம் சொல்லவும் வரவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.