மோட்டார் இல்லாத தண்ணீர்

கண்ணுகளா, போன வாரம் வெள்ளகோவிலில் என் மைத்துனன் செந்திலுக்குக் கல்யாணம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. என் மனைவி சாந்தாமணியின் இடது கையைப் பற்றிச் சொல்கிறேன்.

சாந்தாவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் கட்டியோடு சேர்த்து, அக்குளில் இருந்த சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள்.

நிணநீர் என்றால்? நான் போத்தனூரில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரத்தத்தை ஓட்ட இதயம் என்ற மோட்டார் இருக்கிறது. ரத்தம் போலவே உடம்பெங்கும் ஓடும் தெளிந்த நீர்தான் நிணநீர்; அதற்கு அப்படி ஒரு மோட்டார் கிடையாது. நாம் நடந்தால், கையை ஆட்டினால், மூச்சை நன்றாக இழுத்து விட்டால்... அது மெல்ல நகரும். முடிச்சு எடுத்த பக்கம் வழி குறுகிப்போகும். நீர் தேங்கும். கை வீங்கும்.

சாந்தாவுக்கு வீங்கியது — கல்யாணம் நெருங்கும்போது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டு உடுத்தி, கூடை ஏந்தி, அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். செந்திலுக்கு இவள் ஒரே அக்கா.

"பெரியப்பா மகள நிக்கச் சொல்லு கண்ணு. என்ர கை ரவிக்கைக்குள்ளயே போக மாட்டீங்குது" என்றாள் போனில்.

"நீ நிக்காட்டி எனக்கு இணைச்சீரே வேண்டாங்க்கா" என்றான் அவன்.

போனை வைத்துவிட்டு அழுதாள். என்னால் சும்மா இருக்க முடியுமா? நல்லெண்ணெயைச் சூடாக்கி, துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுகிறவன் மாதிரி அழுத்தித் தேய்த்தேன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலித்தால்தான் குணமாகும் என்று இரண்டு பேருக்குமே நம்பிக்கை.

மறுநாள் கை இன்னும் கனத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் அம்மா பார்த்தார். "யாருங்க இதச் சப்பாத்தி மாவாட்டப் பெசஞ்சது?"

சாந்தா என்னைக் கைகாட்டிவிட்டாள்.

"நெணநீர்க் குழாயெல்லாம் தோலுக்கு அடியிலயே நூலாட்ட இருக்குதுங்க. அழுத்துனா மூடிக்கும். தோல் நகுந்தாப் போதும். முதல்ல கழுத்துல தடவி வழியத் தொறந்து விடோணும். அப்பறந்தான் கை. கை செவந்து சூடாச்சுன்னா, காய்ச்சல் வந்துச்சுன்னா தொடாதீங்க, நேரா இங்க வந்துருங்க."

"நானே செஞ்சு விட்டர்றனுங்க" என்றேன்.

"நீங்க செஞ்சதே போதுமுங்க. அவங்களே செய்யட்டும்."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஆபரேஷனுக்குப் பின் சாந்தா தன் உடம்பின் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை. குளிக்கும்போதும் தொடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்வாளாம். கூடவே இருந்த எனக்கு அது தெரியாது. முதல் நாள், தழும்புக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

அப்புறம் மெல்லப் பழகியது. தூங்குகிற குழந்தையின் தலையைத் தடவுவதுபோலத் தன் தோளைத் தடவிக்கொண்டாள். அந்தத் தடவலை எங்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். தனக்குக் கொடுத்துக்கொண்டதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதற்கு இடைஞ்சல் யார் என்கிறீர்கள்? நானும் பிள்ளையும்தான். தடவிக்கொள்ள உட்கார்ந்தால் போதும் — "சாந்தா, வண்டிச் சாவி எங்க?" "அம்மா, என்ர சாக்ஸ்?" அவளும் பாதியில் எழுந்து வருவாள்.

வீக்கம் முழுசாக வடியவில்லை. ஆனால் ரவிக்கையைக் கொஞ்சம் பிரித்துத் தைத்ததும் கை நுழைந்தது. மண்டபத்தில் பட்டு உடுத்தி, தம்பி பக்கத்தில் போய் நின்றாள். கூடைக்கு அடியில் செந்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டான்.

சீர் முடிந்ததும் கை கனக்கிறது என்று அறைக்குள் போய்விட்டாள். கதவிடுக்கில் பார்த்தேன். கண்ணை மூடி, கழுத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள். அதற்குள் மேடையில் எல்லோரையும் போட்டோவுக்கு நிறுத்திவிட்டார்கள். மாமியார் தேடி வந்துவிட்டார்.

"ஏனுங் மாப்ள, சாந்தா எங்கீங்க? எல்லாரும் காத்துட்டிருக்கறாங்க."

கதவைச் சாத்தினேன்.

"வேலையா இருக்கறாளுங்கத்தை. முடிச்சுட்டு வருவாளுங்க."