மூலையில் கிடந்த பெயர் நடுவுக்கு வந்த கதை

படம் எடுப்பது லேசு. எடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிவதுதான் இந்தத் தொழிலில் பெரிய வேலை. மன்னாரில் கமெராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். கவிதை எழுதிக் களவு கொடுத்தவர்களும், தான் செய்த கேக்கின் படத்தை அடுத்த தெருக்காரியின் விளம்பரத்தில் பார்த்தவர்களும் இதைத் தாராளமாக வாசிக்கலாம். நாங்கள் எல்லோரும் ஒரே சாதிதான்.

கையெழுத்து

பெயரைக் கணினி எழுத்தில் அடித்தால் கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது என்று, கையெழுத்தாகவே போட நினைத்தேன். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு பின்னேரம் முழுக்க ‘ஜெறாட்’ என்று எழுதிப் பார்த்தேன். கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்தேன். முப்பத்தெட்டு வயதில் ஒருவன் தன் பெயரை எழுதி எழுதி ரசிப்பது வெட்கக்கேடுதான். ஆனாலும் ரசித்தேன்.

பிடித்துப்போன ஒன்றை, அல்பம் வடிவமைக்கிற என் கூட்டாளி ரஞ்சனிடம் கொண்டுபோனேன். அவன் அதை ஸ்கான் பண்ணி, தாளின் வெள்ளை தெரியாமல் வெட்டியெடுத்து, எந்தப் படத்திலும் வலப்பக்கக் கீழ்மூலையில் போய் விழும்படி செய்து தந்தான். தந்துவிட்டுச் சொன்னான்: “அண்ணை, இந்தக் கையெழுத்தோட பாங்குக்குப் போனா உங்கட காசையே உங்களுக்குத் தரமாட்டாங்கள்.”

குருவிக்குச் சொந்தக்காரன்

பூநாரைகள் வந்திறங்கும் காலத்தில், பாலத்தடிச் சேற்றில் விடியமுன்னமே போய்ப் படுத்துக் கிடந்தேன். மூன்று நாள் ஒன்றும் சரிவரவில்லை. நான்காம் நாள் ஒரு கூட்டம் அப்படியே என் தலைக்கு மேலால் எழும்பியது. கையெழுத்தோடு முகநூலில் போட்டேன். அடுத்த நாள், சுற்றுலாப் பக்கம் ஒன்றில் அதே கூட்டம் பறந்துகொண்டிருந்தது. கீழ்மூலையை மட்டும் காணவில்லை. என் படத்துக்கு விழுந்த விருப்பங்களைக் கைவிரலால் எண்ணலாம். அங்கே ஆயிரக்கணக்கில் விழுந்திருந்தன.

‘படம் என்னுடையது, பெயரைப் போடுங்கள்’ என்று மரியாதையாகத்தான் எழுதினேன். நனைந்த சேர்ட்டையும் சேறு புகுந்த லென்ஸையும் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கத் தேவையில்லை. பக்கத்தை நடத்துகிறவர் உடனே பதில் போட்டார்: “அண்ணை, குருவி நீங்கள் வளர்த்ததோ?”

பக்கத்தில் ஒரு பெயர்

மறிச்சுக்கட்டியில் ஒரு நிக்காஹ். பெண்ணின் படங்களை வெளியில் போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நானும் சத்தியம் பண்ணாத குறையாக ஒப்புக்கொண்டு, அச்செடுத்த படங்களை நேரே வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழக்கதோஷத்தில் அவற்றிலும் கையெழுத்து விழுந்திருந்தது. பெண் கதிரையில் இருக்கிற படத்தில், அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருந்தது.

பெண்ணின் வாப்பா நல்ல மனிதர். வட்டிலப்பம் தந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, படத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அது படம் எடுத்தவனின் பெயர் என்று விளக்கினேன். தலையாட்டினார். பிறகு வெகு பக்குவமாகக் கேட்டார்: “அது சரி மகன், எங்கட புள்ளைக்குப் பக்கத்தில மாப்பிள்ளைட பேரத் தவிர இன்னொரு ஆம்பிளைட பேரு என்னத்துக்கு?”

எல்லாவற்றையும் பெயரில்லாமல் திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன். என்னுடைய பெயர் எனக்கே பாரமாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கந்தோர்ச் சுவர்

ஒரு அரசாங்கக் கந்தோரில் புதுக் கட்டடத் திறப்புவிழா. படம் எடுக்க வரச்சொன்னார்கள். உள்ளே போனால், சுவரை மறைத்துக்கொண்டு பெரிய படம் ஒன்று: தாழ்வுபாட்டுக் கரை, காயப்போட்ட கருவாடு, வெயிலுக்குத் தலையில் துவாய் போட்ட ஒரு பெண். இரண்டு வருடத்துக்கு முன் நான் எடுத்தது. சந்தேகமே இல்லை, இடது ஓரத்தில் என் மோட்டார்சைக்கிளின் கண்ணாடி தெரிகிறது. என் கையெழுத்து இருந்த வலது மூலையில் மட்டும் யாரோ ஒருவருடைய பெயர், என்னுடையதைவிட வடிவான எழுத்தில்.

அதிகாரிகள் அந்தச் சுவருக்கு முன்னால் மாறி மாறி நிற்க, நானே என் படத்தைத் திரும்பவும் படமெடுத்தேன். ‘ஐயா, இது நான் எடுத்தது’ என்று தொண்டைவரை வந்தது. நாடாவெட்டு முடிந்து றோல்ஸ் சாப்பிடும் நேரம். சொன்னால் அசிங்கமாகிவிடும் என்று விழுங்கினேன். நான் வாய்பார்த்து நிற்பதைக் கண்ட கந்தோர்ப் பெரியவர் முதுகில் தட்டினார்: “கொழும்பில சொல்லி எடுப்பிச்சது. நீங்களும் இப்பிடி எடுக்கப் பழகவேணும் தம்பி.”

ரஞ்சனின் மருந்து

அன்று நேரே ரஞ்சனிடம் போய்க் கொட்டினேன். மூலையில் போட்டால் வெட்டுகிறார்கள், வெட்டாவிட்டால் பூசி மறைக்கிறார்கள், பிறகு நான் என்னதான் செய்வது என்று கத்தினேன். அவன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “நடு முகத்தில போடுங்கோ அண்ணை. முகத்தை ஆரும் வெட்டமாட்டாங்கள்.”

அது எனக்குப் பெரிய ஞானமாகப் பட்டது. அன்றிலிருந்து என் கையெழுத்து எல்லாப் படத்துக்கும் குறுக்கே, வாலும் தலையுமாகப் படுத்துக்கொண்டது.

பெரியமடுவில் ஒரு சிரிப்பு

கல்யாணம் முடிந்ததும் படங்களைச் சின்னதாக்கி, நடுவில் கையெழுத்தோடு, வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அல்பத்துக்கு வேண்டியவற்றின் இலக்கங்களை அவர்கள் சொல்வார்கள். அவற்றின் மூலப்படங்களைத்தான் திருத்தி அச்சுக்குக் கொடுப்போம். மிச்சத்தை, அல்பம் வீட்டுக்குப் போனதும் நான் அழித்துவிடுவேன். ஹார்ட் டிஸ்க்கில் அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமே.

பெரியமடுவில் கௌரி என்ற பிள்ளையின் கல்யாணம். அவளுடைய அப்பா வயல்காரர். கமெராவைத் தூக்கினால், “என்னை விடுங்கோ தம்பி, பிள்ளையை எடுங்கோ” என்று முகத்தைத் திருப்பிவிடுவார். தாரைவார்க்கும்போதும் தலை குனிந்தபடிதான். ஒரே ஒரு தடவை, பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று யாருடைய பகிடிக்கோ வாய்விட்டுச் சிரித்தார். பிடித்துவிட்டேன். அந்தக் கல்யாணத்தில் நான் எடுத்த உருப்படியான படம் அதுதான். கௌரி அதைத் தெரிவுசெய்யவில்லை. வாளியும் மடித்துக்கட்டிய வேட்டியும் அல்பத்துக்கு அழகில்லை என்று நினைத்திருப்பாள்.

கல்யாணம் முடிந்து ஏழாம் மாதம், வயலுக்குப் போன மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்தாராம். எழும்பவேயில்லை. இரண்டு கிழமை கழித்துக் கௌரி கைத்தொலைபேசியோடு வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கும், வீட்டில் மாட்டவும் அந்தச் சிரித்த படம் வேண்டும், பெயர் இல்லாமல். அடையாள அட்டையில் இருப்பது இளந்தாரிக் காலத்து முகம். அல்பத்தில் எல்லாவற்றிலும் தலை குனிந்திருக்கிறார், வேறு படம் கிடையாது. நான் டிஸ்க்கை மூன்று தரம் கிண்டினேன். இல்லை என்று தெரிந்துகொண்டேதான் கிண்டினேன். அவளுடைய கைத்தொலைபேசியில் இருந்த சின்னப் படம்தான் மிச்சம். என் கையெழுத்து அவருடைய இடது கன்னத்தில் தொடங்கி, மூக்கையும் வாயையும் கடந்து வலது காதுவரை ஓடியது.

பெயரை அழித்துத் தருகிற செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. என்னைப் போன்றவர்களின் வயிற்றில் அடிப்பதற்கென்றே வந்தவை. அதையும் போட்டுப் பார்த்தேன். கையெழுத்து போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு மூக்கும் மேலுதடும் புதிதாக முளைத்திருந்தன. பற்கள் வரிசையாக இருந்தன. அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. கௌரி பார்த்துவிட்டு, “இது ஆரோ அண்ணை. பேரோடயே போட்டுத் தாங்கோ” என்றாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. யாரோ ஒருவன் களவெடுப்பான் என்ற பயத்தில், அந்தப் பிள்ளையிடமிருந்து அப்பாவின் சிரிப்பை நான் எடுத்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாளன்று பிறேம் போட்ட படத்தை நானே கொண்டுபோனேன். கௌரியின் அம்மா மடியில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் ஊத்தை என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அறிய ஆசைப்பட்ட மாதிரித்தான் இருந்தது: “இவ்வளவு வடிவா எடுத்துப்போட்டு, அதில ஏன் தம்பி கிறுக்கினனீங்கள்?”

என் பெயரை யாரும் வெட்டாமல், பூசாமல், சட்டம் போட்டு மாலையும் சாத்தி மாட்டி வைத்திருக்கிற ஒரே வீடு இந்த மாவட்டத்தில் அதுதான். அந்த வீட்டுப் பக்கம் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை.