கட்டிலும் அடுப்பும் வைத்த வான்

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி வரப்போவது, பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்குவதற்காக நான் ஏழு மாதங்கள் லண்டனிலும் எசெக்ஸிலும் அலைந்த கதை. ஓட்டுநர் பரீட்சையில் நான்கு முறை தோற்றவன் நான். நான்காவது முறை, இஞ்சினை நிறுத்துவதற்கு முன்னரே பரிசோதகர் முடிவைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அதோடு விட்டேன். நீந்தத் தெரியாதவன் கப்பலுக்கு விலை பேசினான் என்று யாராவது சொன்னால் நானும் சிரிப்பேன்.

ஏன் தேடினேன் என்பது அதைவிட வெட்கமான விஷயம்.

புரட்டாதி மாதம் மகனை ஸ்கொட்லாந்தில் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வந்தோம். போக வர ஓட்டியது மனைவிதான். மனோர் பார்க் வீட்டுக்குள் நுழைந்து, கேத்திலை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"பெறாமகளின்ரை கலியாணம் முடியட்டும். அதுக்குப் பிறகு நான் போறன்."

"எங்கை?"

"எங்கையெண்டு இன்னும் யோசிக்கேல்லை. இஞ்சையிருந்து."

பெறாமகள் என்றது, இறந்துபோன என் அண்ணனின் மகளை. திருமணம் ஆனி மாதம். தகப்பன் இல்லாத பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கச் சித்தப்பனும் அவன் மனைவியும் சோடியாக மணவறையில் உட்கார வேண்டும். பெற்ற தாய் உட்கார முடியாது. அவள் கணவனை இழந்தவள். கணவனை இழந்தவள் மணவறைக்கு ஆகாது, கணவனை இழப்பதென்று தீர்மானித்தவள் ஆகும் என்பது எங்கள் சாத்திரம். இந்தப் புண்ணியத்தில் எனக்கு ஒன்பது மாதத் தவணை கிடைத்தது.

நான் அடித்தவனில்லை, குடித்தவனில்லை. அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"நீங்கள் கெட்ட மனுசனெண்டு நான் சொன்னனானோ?" என்றாள். "உங்களோட இருக்கேக்க தனியா இருக்கிற மாதிரிக் கிடக்கு. தனியா இருக்கிறதெண்டால் தனியாவே இருக்கலாம்தானே."

மூளையுள்ளவன் அந்த இடத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் என்று கேட்டிருப்பான். நான் மேலே போய்க் கணினியைத் திறந்தேன். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, சவுத்தெண்ட் கடற்கரையில் நின்ற ஒரு மோட்டர்ஹோமைக் காட்டி, "கட்டிலும் அடுப்பும் வைச்ச இப்பிடி ஒரு வான் இருந்தால் வேறை என்ன வேணும்" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது நான் ஏதோ பகிடி விட்டேன். பதினெட்டு வருடம் கழித்து அந்த வாக்கியத்தைத் தூசி தட்டி எடுத்து, இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்துக்கு இதுதான் மருந்து என்று முடிவு செய்தேன். கேட்காத கேள்விக்குப் பொருளை வாங்கிப் பதில் சொல்வது எங்கள் ஆண்களின் வழக்கம். சிலர் தங்கச் சங்கிலியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வாசித்து அறியக்கூடியதை எல்லாம் ஒரு மாதத்தில் அறிந்தேன். ஈரம்தான் முதல் எதிரி. கூரை இணைப்பால் இறங்கும் தண்ணீர் சுவருக்குள் போய், வெளியே ஒன்றும் தெரியாமல் மரத்தை உக்க வைக்கும். டீசல் வான் பழசென்றால் லண்டனுக்குள் ஓடும் ஒவ்வொரு நாளும் புகைக்கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் தெருவில் நிறுத்துவதென்றால் சின்னதாக இருக்க வேண்டும். இத்தனையும் தெரியும். கிளச் எந்தக் காலுக்கு என்பதில்தான் சந்தேகம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு தம்பியைப் பிடித்தேன். பாரிஸில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர், அப்டன் பார்க் பக்கம் சின்ன கராஜ் வைத்திருப்பவர். வீட்டு விஷயம் ஒன்றும் அவருக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் காரில் வந்து என்னை ஏற்றிப்போவார்.

முதலில் போனது றொம்போர்ட்டுக்கு அப்பால். எழுபது வயது வெள்ளைக்காரர் வாசலில் நின்றார். வானின் கதவைத் திறந்ததும், பழக்கதோஷம், நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். நாலாவது அடியில் காலுறை நனைந்தது.

"கார்ப்பெட்டை நேற்றுத்தான் கழுவினேன்" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

தம்பி சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னார்: "கழுவினவராம். கீழே குளம் கட்டி மீன் விட்டிருக்கிறார். இறங்குங்கோ அண்ணை."

ஆனால் அதற்கு முன் அந்த மனிதர் எங்களை வீட்டுக்குள் இருத்தித் தேநீர் தந்திருந்தார், கேக் தந்திருந்தார். ஒருவர் வீட்டில் வாய் நனைத்த பிறகு அவர் வானை எப்படிப் பழிப்பது? போதாக்குறைக்கு, பின்கட்டிலில் விரித்த விரிப்பு அப்படியே இருந்தது. மனைவியும் அவரும் ஒரே ஒரு பயணம் போனார்களாம். அதன் பிறகு ஆஸ்பத்திரி, அதன் பிறகு ஒன்றுமில்லை. விரிப்பை மடிக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றார். நனைந்த காலுறையோடு நின்று, நல்ல வான், மிக நல்ல வான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். தம்பி கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே வாங்கியிருப்பேன்.

அடுத்தடுத்த மாதங்களில் பார்த்தவையும் அப்படித்தான். ஒன்றில் பக்கவாதம், ஒன்றில் வழக்கறிஞர் கடிதம், ஒன்றில் வீடு விற்றுப் பங்கு பிரிப்பு. சந்தோஷமாக இருப்பவன் எவனும் மோட்டர்ஹோம் விற்பதில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு கோப்பை, இரண்டு தட்டு, இரண்டு மடிப்புக் கதிரை.

"அண்ணை, நாங்கள் வான் பாக்கேல்லை. கிழமைக்கொரு செத்தவீட்டுக்குப் போய்வாறம்" என்றார் தம்பி. "உங்களுக்கென்னத்துக்கு இந்த வேலை? அக்காவைக் கூட்டிக்கொண்டு பிளேனிலை போங்கோவன்."

அக்காவுக்கு வான்தான் விருப்பம் என்றேன்.

சித்திரையில் வால்தம்ஸ்டோ பக்கம் ஒன்று இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். பெட்ரோல் வான், புகைக்கட்டணம் இல்லை, எங்கள் தெருவுக்கு அளவானது. தம்பியோ ஒரு சாவுக்குப் பாரிஸ் போயிருந்தார். வேறு வழியில்லாமல் மனைவியிடம் கேட்டேன். டயாலிசிஸ் பிரிவில் தாதி அவள். அன்று ஷிப்ட் இல்லை. என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஞாயிறு ஞாயிறாய் உதுக்கே போறனீங்கள்?"

"உமக்கொரு சர்ப்ரைஸாய் இருக்கட்டுமெண்டு."

"ம்" என்றாள். கோட்டை எடுத்து மாட்டினாள். ஒரு நாள் இன்சூரன்ஸைப் போகும் வழியில் ஃபோனிலேயே எடுத்து முடித்தாள்.

விற்பவர் அறுபதைத் தாண்டிய பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை. தேநீர் தரட்டுமா என்று கேட்டார். மனைவி, வேண்டாம், முதலில் பார்ப்போம் என்றாள். இப்படிச் சொல்லலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போல அவள் அந்த வானைப் பார்த்தாள். மூலைகளைப் பெருவிரலால் அழுத்தினாள். அலுமாரிகளுக்குள் தலையை விட்டு, ஈரவாடை அடிக்கிறதா என்று மணந்து பார்த்தாள். மெத்தையைத் தூக்கிப் பலகையைத் தடவினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், கேஸைப் பற்றவைத்தாள், கடைசியில் சப்பாத்தோடு கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் நின்று தலையைக் கூரையில் இடித்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்கப் போனபோது முன்னால் அவர்கள் இருவரும். பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை இருக்கையில் நான். இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் கரண்டிகள் குலுங்கிய சத்தத்தில் பேச்சு அரைகுறையாகத்தான் கேட்டது. கணவனை விட்டு வந்த பிறகு இரண்டு வருடம் இதற்குள்தான் வாழ்ந்தேன் என்றார் அந்தப் பெண். ஊர் ஊராகப் போய்த் தற்காலிக வேலை. முதல் இரவு ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில். அங்கேதான் விளக்கு அணைவதில்லை. அன்று அழுத அழுகையில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டதாம். இரண்டாம் இரவு தூங்கினாராம். மூன்றாம் இரவு குறட்டையாம்.

மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

தனியாகப் பயமில்லையா என்று கேட்டாள். குளிருக்கு என்ன செய்தீர்கள், கடிதங்கள் எந்த விலாசத்துக்கு வந்தன, குளிப்பு எங்கே என்றெல்லாம் கேட்டாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பூரித்துப்போனேன். எங்கள் பயணத்துக்காக எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாள்!

வீட்டுக்கு வந்ததும், வாசித்து அறிந்தவனின் கண்டிப்போடு அந்த வானை நிராகரித்தேன்.

"நல்ல வான்தான். ஆனால் சின்னன். ரெண்டுபேர் ஒரே நேரத்திலை எழும்பி நிக்கேலாது."

"ஓம்" என்றாள். "ரெண்டுபேருக்குச் சின்னன்தான்."

அவள் என்னோடு ஒத்துப்போனது அபூர்வம் என்பதால், அந்தப் பதிலில் வேறொன்றும் எனக்குக் கேட்கவில்லை.

வைகாசி நடுப்பகுதியில் ஒருநாள் கவுன்சில் வேலை முடிந்து வந்தபோது, அதே வான் எங்கள் வாசலில் நின்றது. நான் வீட்டுக்குள் போகவில்லை. நேரே சந்திக் கடைக்குப் போய் நான்கு தேசிக்காயும் ஒரு பெட்டி கற்பூரமும் வாங்கினேன். முதல் வேலையாகக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைத்து, சக்கரத்துக்கொன்றாக நசுக்க வேண்டுமல்லவா. கடைக்காரரிடம், "புது வாகனம்" என்று வேறு சொன்னேன்.

மனைவி சமையலறை மேசையில் கடதாசிகளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்லாமலே எடுத்திட்டீர்! சின்னனெண்டாலும் பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்றேன். "இன்சூரன்ஸ் போட்டாச்சோ?"

"ஓம். ஒரு ஆளுக்கு."

"அது சரிதானே, எனக்கு லைசென்ஸ் இல்லைத்தானே."

அவள் பேனையை வைத்தாள். என் கையில் இருந்த பையைப் பார்த்தாள், பிறகு என்னை. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் உறவினர்களுக்குச் செய்தி சொல்ல வரும்போது தாதிகள் வைத்திருக்கும் முகம் அது.

"அதுக்கில்லை" என்றாள் மெதுவாக.

வேல்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏஜென்சி மூலம் ஆறு மாத வேலை எடுத்திருக்கிறாள். அது முடிய வேறொரு ஊர். வாடகைக்கு வீடு தேடத் தேவையில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான் தேசிக்காயோடு நின்றேன்.

"என்னாலைதான் உமக்கு இந்த வான் யோசனை வந்தது, என்ன?" என்று கேட்டேன். மனிதனுக்கு எந்த நேரத்தில் எதில் பெருமை தேவைப்படுகிறது பாருங்கள்.

"ஓம். உங்களாலைதான்." பிறகு, "அந்தத் தேசிக்காயை அதிலை வைச்சிட்டுப் போங்கோ. சொதிக்கு விடலாம்."

அன்றிரவு சொதி நன்றாகவே இருந்தது.

திருமணம் குறையில்லாமல் நடந்தது. மணவறையில் பெறாமகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் நான் வைக்க, மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். என் விரல்களுக்கு மேலால் ஓடித்தான் அது தட்டில் விழுந்தது. கொஞ்சம் நிறுத்தி ஊற்றுங்கோ, போட்டோ எடுக்க வேண்டும் என்றார் படம் பிடிப்பவர். அவள் இன்னொரு முறை ஊற்றினாள். மண்டபத்தின் கடைசி வரிசையில் அண்ணி தன் மகளின் கலியாணத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு வரிசையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி எங்களைத் தன் கணவருக்குக் காட்டிச் சொன்னாள்: "பாருங்கோ, சோடியெண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்." அவர் வாய்க்குள் வடையோடு தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் புறப்பட்டாள். சோறு வைக்கும் மின்குக்கரையும் மிளகாய்த்தூள் போத்தலையும் நான்தான் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே அடுக்கினேன். கட்டிலில் ஒரு தலையணை. அலுமாரியில் ஒரு கோப்பை. அதைப் பார்க்காதது போல அலுமாரியை மூடினேன்.

"பிரெஷர்க் குளிசை ரெண்டாவது லாச்சிக்குள்ளை. முடியமுந்தியே மருந்துக்கடைக்குச் சொல்லுங்கோ. பெடியனுக்கு நான் சொல்லியிட்டன், நீங்கள் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

பின்னால் எடுக்கும்போது உதவலாமென்று தெருவில் நின்று கையைக் காட்டினேன். "வலப்பக்கம், வலப்பக்கம்" என்றேன்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றேன். ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டு போனாள். சிக்னல் போட்டு, நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பினாள். நான்கு முறையும் என்னால் முடியாமல் போன அதே வரிசையில்.

தம்பிக்கு எப்படியும் சொல்ல வேண்டும். இத்தனை மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தந்தவர். ஒரு கிழமை கழித்து அப்டன் பார்க் கராஜுக்குப் போய், ஒரு பழைய டயரில் உட்கார்ந்து, கலியாணத் தவணையிலிருந்து ஒற்றைக் கோப்பை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு காரின் அடியில் கிடந்தபடியே கேட்டார். இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் முடித்த பிறகும் அடியில் ஏதோ ஆணியைத் திருகிக்கொண்டிருந்தார். ஏதாவது ஆறுதல் வருமென்று காத்திருந்தேன். வராததால், எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான் என்பது போல, "வான் பழசு தம்பி. மலைப்பாதையிலை நிண்டுபோச்செண்டால் தனிய என்ன செய்யப்போறாவோ தெரியேல்லை" என்றேன்.

காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது:

"இருபத்தாறு வருசம் உங்களோட காலந்தள்ளினவ அண்ணை. ஒரு பழைய வான் அவவுக்கு என்ன பெரிய காரியமோ? அந்தப் பதின்மூண்டாம் நம்பர் ஸ்பானரை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."