நைனாவுக்கு இல்லாத கல்லறை

நைனா இறந்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்ற யோசனையை முதலில் சொன்னது நைனாதான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். நைனா செங்கல்பட்டு ரயிலடியில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கி, நீட்ட வராமல் நின்றுபோனபோது, கூட வேலை செய்தவர்கள் அவர் தொட்ட குவளையில் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். பெருவியாதி, அதாவது தொழுநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். விடாமல் தின்றால் நோய் பரவாது, மேலும் முற்றாது என்றார்கள். ஆனால் மாத்திரை வாங்கப் போகிறவர்கள் உட்காரும் இடம் எதுவென்று ஊருக்கே தெரியும். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, வாசலில் நின்றபடியே, காலி செய்துவிடச் சொன்னார்.

திருவிடந்தைக்குப் பக்கத்தில் அம்மா பிறந்த சேரியில் தாத்தாவின் குடிசை ஒன்று பூட்டிக் கிடந்தது. அங்கே போவதென்று முடிவானதும் நைனா சொன்னார்:

"நான் செத்துட்டேன்னு சொல்லிடு. பெருவியாதிக்காரன் பொண்ணுன்னா எவன் கட்டுவான்? செத்தவன் பொண்ணுன்னா யாரனா வருவான்."

 அன்று சாயங்காலம் அம்மா தாலிக் கயிற்றைத் தானே கழற்றி நைனாவிடம் நீட்டினாள். அவருடைய விரல்களில் அது நிற்கவில்லை. தரையில் விழுந்ததை நான்தான் எடுத்து, ஒரு துணியில் முடிந்து வைத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வெறுங்கழுத்தோடு திரும்பி வருகிற பெண்ணை அந்தச் சேரி எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு வெள்ளைப் புடவை கொண்டுவந்து கொடுத்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவுக்குக் கால்வாய் ஓரத்துச் சவுக்குத் தோப்பில் காவல் வேலை கிடைத்தது. அதுதான் வசதியாகப் போயிற்று. நைனா ஒரு உப்புப் படகில் தனியாக வந்து இறங்கி, தோப்புக்குள் இருந்த காவல் குடிசையில் ஒளிந்துகொண்டார். அம்மா காவலுக்குப் போகும்போது கூழ் கொண்டுபோவாள். காவல்காரி தன் சாப்பாட்டைக் கொண்டுபோகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எனக்கு அம்மா ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தாள். "யாரனா நைனாவப் பத்திக் கேட்டா தலையக் குனிஞ்சுக்கோ. மிச்சத்த நான் பேசிக்கிறேன்." அப்படியே செய்தேன். குனிந்த தலையைப் பார்த்து, பாவம், அப்பன்மேல் எவ்வளவு பாசம் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். காதில் விழும்.

மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை அச்சரப்பாக்கத்தில் ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், அவரும் அவருடைய தாயாரும் தாய்மாமனும் பெண் பார்க்க வந்தார்கள். அந்த அம்மாளும் கணவனை இழந்தவர். குடிசைக்குள் நுழைந்ததும் பாயில் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, என் முழங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மாமன் சொன்னார். அம்மா காபித் தண்ணியை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு குடை மடங்கியது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாகப் போய் நோயாளிகளின் குடும்பத்தைப் பார்க்கிற அக்கா அவர். மாத்திரை வாங்க வராமல் நின்றவர்களைத் தேடிப் போவது அவர் வேலை. தன் ஊர்ப் பெயரை அம்மா எப்போதோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாமல்லபுரம் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து படகு பிடித்து வந்திருந்தார். புடவைக் கரையெல்லாம் சேறு.

உள்ளே எட்டிப் பார்த்தவர் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, எப்பம்மா?" என்றார். குடையைக் கீழே போட்டுவிட்டு வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு யாருமே சொல்லலையே. நான் முன்னாடியே வந்திருக்கணும். என் தப்பு." அவர் கண்ணில் நீர் வழிந்தது.

அம்மாவும் அழுதாள். அது நடிப்பில்லை. இத்தனை மாதமாக அழ இடமில்லாமல் இருந்தவளுக்கு இப்போது ஒரு இடம் கிடைத்தது போல அழுதாள். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் தாயாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பத் தொடங்கினார்.

"இவங்க யாரு?" என்று மாமன் கேட்டார்.

அவ்வளவு அழுகையிலும் அக்கா ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுக்கவில்லை. "செங்கல்பட்டுல தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. நாங்க நாளைக்கு செங்கல்பட்டு வழியாத்தான் போறோம். சம்பந்தி கல்லறை எங்க கீதுன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க காட்டுங்கம்மா. ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறோம். அவராண்ட ஒரு வார்த்த சொல்லாம பொண்ணு எடுக்கக் கூடாது."

அம்மாவின் அழுகை நின்றது. அவள் கைகள் இன்னும் அக்காவின் கைகளில்தான் இருந்தன. அந்தக் கைகள் என்ன சொன்னனவோ தெரியாது. அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா கைகளை விடுவித்துக்கொண்டு, கீழே போட்ட குடையை எடுத்தார்.

"கல்லறைத் தோட்டம் பூரா தண்ணி நிக்குதும்மா" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. "இப்ப உள்ள போக முடியாது. மழை விடட்டும்."

"ஆமா, ஐப்பசி இல்ல" என்றார் அந்த அம்மாள். "தையில வரும்போது ஏத்திக்கலாம்."

அவர்கள் படகுத் துறைக்குப் போன பிறகு அக்கா சுவரோரம் உட்கார்ந்தார். அம்மா டம்ளர்களைக் கழுவுகிறவளைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க இருக்காரு?" என்று கேட்டார் அக்கா.

நான்தான் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரச் சவுக்கிலைகள் மெத்தைபோலக் கிடந்ததால் எங்கள் காலடிச் சத்தம் கேட்கவில்லை. நைனா குடிசைக்கு வெளியே, துறையில் படகு போவது தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அவங்களுக்கு உன்னப் புடிச்சிருக்காமா?"

பின்னால் வந்த அக்காவை அப்புறம்தான் பார்த்தார். எழப் பார்த்தார். முடியவில்லை. இடது கால் பாதத்தைக் கிழிந்த துணியால் சுற்றியிருந்தார். அக்கா மண்டியிட்டு அதை அவிழ்த்தபோது வந்த நாற்றத்தில் நான் இரண்டு அடி பின்வாங்கினேன். ஏதோ குத்தியிருக்கிறது. அந்தக் காலில் உணர்ச்சி கிடையாது. குத்தினது தெரியாமல் நடந்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார் அக்கா. "இன்னிக்கே."

"செத்தவன் எப்டிம்மா ஆஸ்பத்திரிக்கு வர்றது?" என்றார் நைனா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தையில அவ கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் எங்க கூப்டாலும் வரேன்."

"தைக்குள்ள கால் போயிடும். காலோட மட்டும் நின்னுட்டா நல்லது, உசுருக்கும் ஆபத்து."

 அக்கா தன் பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துப் புண்ணைத் துடைத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னிக்கு உங்களுக்காக ஒரு பொய் சொல்லிட்டேன். அவங்க நல்லவங்க. அவங்ககிட்ட இன்னொரு தரம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நீங்க சொல்லாத வரைக்கும் நான் யாருகிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். ஒருத்தர் வியாதிய வெளிய சொல்றது என் வேலைக்கு அடுக்காது."

அதற்குள் அம்மாவும் வந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நைனாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவருமே என்னைத்தான் பார்த்தார்கள்.

"நான் போய் சொல்லிட்டு வரேன்" என்றேன்.

அதைத் தைரியம் என்று அக்கா பிற்பாடு பலரிடம் சொன்னார். தைரியமில்லை. தை மாதத்தில் அந்த அம்மாள் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, சிலுவை சிலுவையாகப் பெயர் தேடி நடப்பது என் கண்ணில் வந்துவிட்டது. அதை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. அவ்வளவுதான்.

அந்த வாரமே அக்காவோடு அச்சரப்பாக்கம் போனேன். மில்லுக்குப் பின்னால் அவர்கள் வீடு. காற்றெல்லாம் தவிட்டு வாசனை. மாப்பிள்ளையின் தாயார் என்னைக் கண்டதும் பதறிப்போய், "இன்னாமா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, உட்கார வைத்து, காபி கொடுத்தார். மாமனும் இருந்தார். மாப்பிள்ளையை மில்லிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து கதவருகில் நின்றார்.

எப்படிச் சொல்வதென்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "எங்க நைனா சாகல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். எங்கே இருக்கிறார், ஏன் ஒளிந்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். வியாதியின் பெயரைச் சொன்னதும் மாமன் எழுந்துவிட்டார்.

"பொண்ணு பார்க்க வந்தவனுக்கு உங்க வூட்டுல காபி ஊத்திக் குடுத்தீங்களே! எங்க உசுரோட வெளயாடுறீங்களா?"

அக்கா குறுக்கே பேசினார். அம்மாவையும் என்னையும் டாக்டர் சோதித்துப் பார்த்திருக்கிறார், எங்களுக்கு நோயில்லை, மாத்திரை சாப்பிட்டால் நைனாவாலும் யாருக்கும் கெடுதல் வராது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மாமன் காதில் வாங்கவில்லை. நான் குடித்து வைத்திருந்த டம்ளரை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டே போய்ச் சாக்கடையில் விட்டார். மாப்பிள்ளை தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அவருடைய தாயார் கத்தவில்லை. வெகுநேரம் கழித்து என்னிடம் கேட்டார்: "அன்னிக்கு உங்க வூட்டுல நான் நெசமா அழுதேன், தெரியுமா? எம் புருஷன நெனச்சிகினு அழுதேன்."

 தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லிக் கொடுக்காமலே குனிந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும் ரயிலில் அக்கா எனக்கு ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. மதுராந்தகம் தாண்டிய பிறகு, "அன்னிக்கு நான் வராம இருந்திருந்தா உனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்" என்றார். நைனாவுக்குக் கால் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது கல்யாணம்தான்.

நைனாவைப் பட்டப்பகலில் படகேற்றினோம். அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, தோப்பிலிருந்து துறை வரைக்கும் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். செத்த மனிதன் நடந்து போவதைச் சேரியே கரையில் நின்று பார்த்தது. ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அம்மாவிடம், "அந்தப் பொடவைய திருப்பிக் குடுத்துடு. நெசமா தாலி அறுத்தவ யாருக்காவது ஆகும்" என்றாள். அம்மா அந்த வெள்ளைப் புடவையைத் துவைத்து, காயவைத்து, மடித்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். தோப்புக்காரர் வேறு ஆளைக் காவலுக்கு வைத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் நைனாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது. பக்கத்திலேயே நோயாளிகளின் குடும்பங்கள் இருந்த ஒரு வரிசையில் எங்களுக்கும் ஒரு அறை கிடைத்தது. அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் அரிசி புடைக்கப் போனாள். நான் அக்காவோடு வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். முதலில் துணைக்கு, பிறகு பயிற்சி பெற்று அதுவே என் வேலையாகிவிட்டது. ஊரப்பாக்கம் முதல் கடற்கரைக் குப்பங்கள் வரைக்கும் நடந்திருக்கிறேன். நான் போனாலே சில வீடுகளில் கதவு சாத்துவார்கள். சில வீடுகளில், அவர் செத்துப்போய்விட்டார் என்பார்கள். எப்போது என்று நான் கேட்டதில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் என்னைக் கேட்டு வந்தார். எல்லாம் தெரிந்துதான் வந்தார். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்த சின்னக் கோயிலில் கல்யாணம். உறவுக்காரர்கள் அதிகம் வரவில்லை. மாப்பிள்ளை வழியில் மட்டும் வெளியூரிலிருந்து சிலர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நைனாதான் என்னைப் பீடம் வரைக்கும் அழைத்துப் போனார். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். முன்வரிசையைப் பார்த்தார். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து வலது கையைச் சுற்றி மூடிக்கொண்டார். பிறகுதான் அந்தக் கையை எனக்கு நீட்டினார்.

எத்தனை வீடுகளில் எத்தனை பேரிடம், மறைக்க வேண்டாம், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன். அன்று அந்தத் துண்டை விலக்க எனக்குக் கை வரவில்லை. அவர் மூடிக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. துண்டின் மேலேயே பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.